பேரைக் கேட்காமல் எடுத்த ரத்தம்

(மாணவர்கள், களப்பணியாளர்களுக்கான ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

நான் வக்கீல் இல்லை. டாக்டரும் இல்லை. டி.எம்.எல்.டி. படித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேல் லேப்பில் ரத்தம் எடுத்தவன். மலம், மூத்திரம், சளி எல்லாம் பார்த்தவன். எங்கள் தெருவில் முதல்முதலாக வெள்ளைக் கோட்டு போட்டவன் நான்தான். அம்மாவுக்கு அதில் பெருமை. பக்கத்து வீட்டுப் பெரியப்பா மட்டும் 'என்னப்பா, படிச்சும் நமக்குப் பீயும் மூத்திரமும்தானா'ன்னு கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்தேன். ஆனால் இன்றைக்கு வரைக்கும் அந்தக் கேள்வி மறக்கவில்லை.

மருத்துவப் பரிசோதனையில் நடக்கிற தவறுகள், பாதிக்கப்பட்டவர்களுக்குச் சட்டத்தில் என்ன வழி என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். முதல் பாதி எனக்குத் தொழில். இரண்டாம் பாதியை எங்கள் அத்தை பட்ட பாட்டிலிருந்து கற்றுக்கொண்டேன். அதனால் அத்தையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அத்தைக்குக் கால் வீக்கம். களையெடுக்கப் போகிறவள், எத்தனை நாள்தான் வீட்டில் உட்கார முடியும்? ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறாள். டாக்டர் பார்த்துவிட்டு, 'கிரியாட்டினின் பார்த்துட்டு வாங்க, இங்க மெஷின் ஓடலை, வெளியில எடுங்க'ன்னு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். வெளியில் ஒரு லேப். மளிகைக் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் ஒரு அறை. ரத்தம் எடுத்து, சாயந்திரம் ரிப்போர்ட் கொடுத்தார்கள். 9.2 என்று இருந்தது. கிரியாட்டினின் பொம்பளைகளுக்கு ஒன்று, ஒன்றுக்குக் கீழே இருக்கணும். ஒன்பது என்றால் சிறுநீரகம் போய்விட்டது, டயாலிசிஸ் போடணும் என்று அர்த்தம். டாக்டர் பயந்துபோய் 'உடனே மதுரை போங்க' என்றார்.

வீட்டில் இருந்தது இரண்டு ஆடு. ராத்திரியோடு ராத்திரியாக வந்த விலைக்குக் கொடுத்தார்கள். தோட்டை அடகு வைத்தார்கள். கார் பிடித்து மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஏன் பெரியாஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று பிறகு நான் கேட்டேன். 'உசுரு போற நேரத்துல யாருடா க்யூவுல நிப்பா'ன்னு மாமா கத்தினார். அங்கே திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்தால் 0.9. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. ரத்த சோகையினால் வந்த வீக்கம். இரும்புச்சத்து மாத்திரை எழுதி, மூணு நாள் பில் போட்டு அனுப்பினார்கள்.

மாமா அந்த லேப்புக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். லேப்காரர் ரொம்ப மரியாதையாகப் பேசினாராம். 'புள்ளி மாறிப்போச்சுண்ணே, டைப்பிங் மிஸ்டேக். பழைய ரிப்போர்ட்டைக் கொடுங்க, திருத்தித் தர்றேன்.' மாமா கொடுத்துவிட்டார். அதே தேதி போட்டு 0.92 என்று புது ரிப்போர்ட். கட்டின காசு நூற்றைம்பதையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். ரசீது முதலிலேயே கொடுக்கவில்லை.

இப்போது பாருங்கள், காகிதத்தில் அந்த லேப் தவறே செய்யவில்லை. தேதியிட்ட ரிப்போர்ட் சரியாக இருக்கிறது. ரசீது இல்லாததால் அத்தை அங்கே போனதற்கே சாட்சி கிடையாது. ஆடு போனது மட்டும் உண்மை. ஒரு வக்கீல் தோழரிடம் கூட்டிக்கொண்டு போனேன். 'தப்பான ரிப்போர்ட் எங்க? பில் எங்க?' என்றார். மாமா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன்.

லேப் தவறு என்றால் மெஷின் தப்பாகக் காட்டுவது என்று நினைக்கிறோம். அதுவும் நடக்கும். ஆனால் பெரும்பாலான தவறுகள் ரத்தம் மெஷினுக்குள் போவதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிடுகின்றன. எடுக்கும்போது, குழாயில் ஊற்றும்போது, பேர் எழுதும்போது, வெயிலில் காத்திருக்கும்போது. எடுத்த ரத்தத்தைச் சரியான குழாயில் விடாமல் அப்படியே வைத்திருந்தால் ரத்த அணுக்களே அதில் இருக்கிற சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். காலை எட்டு மணிக்கு முகாமில் எடுத்ததை மதியம் ஒரு மணிக்குப் பார்த்தால் சர்க்கரை குறைவாகத்தான் வரும். சர்க்கரை வியாதிக்காரரை 'உனக்கு ஒண்ணுமில்லை'ன்னு அனுப்பிவிடுவோம். ஊசியால் முரட்டுத்தனமாக உறிஞ்சினால் சிவப்பணு உடையும், பொட்டாசியம் ஏறிக் காட்டும். ஊதா மூடிக் குழாயில் இருக்கிற மருந்து அடுத்த குழாயில் கலந்தால் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். குளுக்கோஸ் ஏறுகிற கையிலேயே ரத்தம் எடுத்தால் நோயாளியின் ரத்தத்தையா பார்க்கிறோம்? பாட்டில் தண்ணீரைத்தான் பார்க்கிறோம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. பேர்.

எங்கள் பாடத்தில் முதல் விதி இது: நோயாளியின் பேரை நீ சொல்லாதே, அவரைச் சொல்லச் சொல். 'நீங்கதானே மாரியம்மா?' என்று கேட்கக் கூடாது. 'உங்க பேரு என்னம்மா, வயசு என்ன, எந்த ஊரு?' என்று கேட்கணும். அவர் சொல்லணும். அவர் கண்முன்னால் குழாயில் எழுதணும். ஏன் தெரியுமா? பயந்து உட்கார்ந்திருக்கிறவர் எந்தப் பேரைச் சொன்னாலும் தலையாட்டுவார். நம்ம ஜனங்கள் ஆஸ்பத்திரியில் எதற்கும் தலையாட்டுவார்கள். தலைமுறை தலைமுறையாக ஆட்டப் பழக்கின தலை அது.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கர்ப்பிணிகள் நாள். வாசல் வரைக்கும் கூட்டம். 'ஏம்மா, இந்தா, கைய நீட்டு' என்று வரிசையாக எடுத்துக்கொண்டே போனேன். மாரியம்மா என்ற பேர் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு. அன்றைக்கு இரண்டு மாரியம்மா, ஒருவருக்கு ஓ பாசிட்டிவ், இன்னொருவருக்கு பி பாசிட்டிவ். குழாயை மாற்றிவிட்டேன். ஓ குரூப் பொம்பளையின் சீட்டில் பி என்று எழுதிப் போய்விட்டது. பிரசவத்தின்போது அவருக்கு ரத்தம் தேவைப்பட்டது. பி பாட்டில் எடுத்து வைத்துவிட்டார்கள். ஏற்றுவதற்கு முன்னால் கிராஸ்மேட்ச் பார்த்த சீனியர் அக்கா பொறுமைசாலி. 'இது ஒட்டலையேடா தம்பி' என்று திரும்பப் பார்த்தார். அவர் அவசரப்பட்டிருந்தால் அந்தத் தாய் செத்திருப்பார். பி ரத்தம் ஓ உடம்புக்குள் போனால் விஷம்.

அக்கா என்னைத் திட்டவில்லை. 'பேரைக் கேட்டியா?' என்று மட்டும் கேட்டார். கேட்கவில்லை. நானும் சேரியிலிருந்து வந்தவன்தான். பள்ளிக்கூடத்தில் என் பேரைச் சொல்லிக் கூப்பிடாத வாத்தியார்களை இன்றும் மன்னிக்காதவன்தான். ஆனால் வெள்ளைக் கோட்டு போட்டதும் 'இந்தா, கைய நீட்டு' என்று சொல்ல எனக்கு மூணு மாசம்கூட ஆகவில்லை. அவமரியாதையை ஒரு பண்புக் குறைவு என்று மட்டும் பேசுகிறோம். லேப்பில் அது தொழில்நுட்பத் தவறாக மாறும். பேரைக் கேட்காத இடத்தில் பேர் மாறத்தான் செய்யும். சளி கொண்டுவந்த கிழவரை வாசலோடு நிறுத்தி, டப்பாவைத் தூரத்தில் வைக்கச் சொல்கிற இடத்தில், அந்த டப்பா யாருடையது என்பதை எவன் சரியாகப் பார்ப்பான்?

அடுத்து, தவறு என்றே சொல்ல முடியாத அயோக்கியத்தனம். எங்கள் தொழிலில் 'சிங்க் டெஸ்ட்' என்று ஒரு பேச்சு உண்டு. ரத்தத்தை வாஷ்பேசினில் கொட்டிவிட்டு, நார்மல் என்று தோதாக ஒரு எண்ணை எழுதிக் கொடுப்பது. எழுதிக் கொடுத்த டாக்டருக்குக் கமிஷன் போகணும், நோயாளியிடம் குறைந்த காசு வாங்கணும், நடுவில் ரசாயனத்தில்தானே மிச்சம் பிடிக்க முடியும்? ரிப்போர்ட்டின் அடியில் டாக்டர் கையெழுத்து இருக்கும். அந்த டாக்டர் லேப் வாசலை மிதித்திருக்க மாட்டார். ஸ்கேன் செய்த கையெழுத்து. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பதிவு பெற்ற, நோய்க்குறியியல் மேல்படிப்பு படித்த டாக்டர்தான் ரிப்போர்ட்டில் கையெழுத்திட வேண்டும் என்று சொன்னது. எங்களைப் போன்ற டெக்னீசியன்கள் பிழைப்பில் மண் விழுந்தது என்று அப்போது சங்கத்தில் கூச்சல். என் அபிப்பிராயம் வேறு. கையெழுத்துப் போடுகிறவர் ரத்தத்தைப் பார்த்தாரா என்பதுதான் கேள்வி. அதற்கு எந்தப் பட்டமும் பதில் சொல்லாது.

இன்னொன்று, சட்டப்படியே நடந்த மோசடி. காசநோய்க்கு ரத்தத்தில் பார்க்கிற டெஸ்ட் என்று ஒன்றை இந்தியா முழுக்க லட்சக்கணக்கில் விற்றார்கள். டி.பி. யாருக்கு வரும்? குடிசையில், கல் குவாரியில், பஞ்சாலைத் தூசியில் கிடப்பவனுக்கு. அவன் காசில்தான் இந்த வியாபாரம். டி.பி. இருக்கிறவனுக்கு இல்லை என்று வரும், இல்லாதவனுக்கு இருக்கிறது என்று வரும். 2011-இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பயன்படுத்தவே கூடாது என்றது. 2012-இல் இந்திய அரசு தடை செய்தது. அதற்கு முன்னால் தப்பான ரிப்போர்ட்டை நம்பி ஆறு மாசம் மாத்திரை தின்றவனுக்கும், நோய் இல்லை என்று அனுப்பப்பட்டு ரத்தமாகக் கக்கினவனுக்கும் யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை.

இப்போது சாத்தூருக்கு வருகிறேன். விருதுநகர் மாவட்டத் தோழர்களுக்கு இது ஞாபகம் இருக்கும்.

2018 டிசம்பர். சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்த சோகை என்று ரத்தம் ஏற்றினார்கள். ரத்தம் சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்தது. பரிசோதித்தாகிவிட்டது, தொற்று இல்லை என்ற முத்திரையோடு வந்தது. அதில் எச்.ஐ.வி. இருந்தது. கொடுத்தவன் ஒரு இளைஞன். 2016-லேயே அவன் ஒருமுறை ரத்தம் கொடுத்திருக்கிறான். அப்போதே அவன் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்திருக்கிறது. தகவல் அவனைச் சேரவே இல்லை. 2018-இல் வெளிநாட்டு வேலைக்காக மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோதுதான் தெரிந்துகொண்டான். அவன் தரப்பிலிருந்துதான் ஆஸ்பத்திரிக்குத் தகவல் போனது. அதற்குள் ரத்தம் அந்தப் பெண்ணின் உடம்புக்குள் போய்விட்டது. அந்த மாசமே அந்த இளைஞன் தற்கொலை செய்துகொண்டான்.

எல்லோரும் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசினோம். பேசத்தான் வேண்டும். 2019 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லி அரசுக்கு உத்தரவிட்டது. ஆனால் எனக்கு அந்த இளைஞனும் லேப் தவறால் பாதிக்கப்பட்டவன்தான். இரண்டு வருஷம் அவன் ரிசல்ட் ஏதோ ஒரு ரிஜிஸ்டரில் கிடந்தது. அவனுக்குச் சொல்லியிருந்தால் ஏ.ஆர்.டி. மாத்திரை ஆரம்பித்திருக்கலாம். அது இலவசம். எச்.ஐ.வி. இன்றைக்கு மாத்திரையோடு வாழக்கூடிய நோய். இரண்டாவது முறை ரத்தம் கொடுக்க வந்திருக்கவும் மாட்டான். அவனிடமிருந்து எடுத்தது அவனுக்குத் திரும்பிப் போகவில்லை. லேப் தவறு என்பது தப்பான எண் மட்டும் இல்லை தோழர்களே, சரியான எண்ணைச் சொந்தக்காரனுக்குச் சொல்லாமல் இருப்பதும்தான்.

சரி, சட்டம்.

சட்டம் நம்மைப் பார்த்துக் கேட்கிற முதல் கேள்வி 'உனக்கு என்ன ஆச்சு' என்பது இல்லை. 'காசு கொடுத்தாயா' என்பதுதான். 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி.பி. சாந்தாவுக்கும் நடந்த வழக்கு. டாக்டர்கள், 'நாங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரமாட்டோம், எங்களுடையது புனிதமான தொழில்' என்றார்கள். கோர்ட் ஒப்புக்கொள்ளவில்லை. காசு வாங்கிச் செய்கிற மருத்துவம் சேவைதான், குறை இருந்தால் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்றது. நல்ல தீர்ப்பு. 2019-இல் புதுச் சட்டம் வந்தபோது அதில் மருத்துவம் என்ற வார்த்தை இல்லையே என்று திரும்ப வாதாடிப் பார்த்தார்கள், 2022-இல் அதுவும் எடுபடவில்லை.

ஆனால் அதே சாந்தா தீர்ப்பில் ஒரு கோடு கிழித்தார்கள். எல்லோருக்கும் இலவசமாகவே பார்க்கிற ஆஸ்பத்திரி இந்தச் சட்டத்துக்குள் வராது. ஓ.பி. சீட்டுக்கு வாங்குகிற சில்லறைக் காசு கட்டணம் ஆகாது. நாங்கள் வரி கட்டுகிறோமே என்றாலும் செல்லாது. ஆக, அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிற கூலிக்காரன் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர் இல்லை. பணக்காரன் ரத்தம் மாறினால் சேவைக் குறைபாடு. ஏழை ரத்தம் மாறினால்?

இங்கேதான் பல தோழர்கள் 'அப்ப நமக்கு வழியே இல்லை'ன்னு கையை விரித்துவிடுகிறார்கள். தப்பு. அந்தக் கோட்டிலேயே ஓட்டை இருக்கிறது. சிலரிடம் காசு வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கிற ஆஸ்பத்திரி என்றால், அரசுடையதாக இருந்தாலும் இலவச நோயாளியும் நுகர்வோர்தான் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. கட்டண வார்டு இருக்கிறதா என்று பாருங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்தாலும் அது இலவசம் இல்லை என்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் சிகிச்சை எடுத்தவருக்கு இதை வைத்து வாதாடலாம். அப்புறம், 'வெளியில எடு' என்று எழுதிக் கொடுக்கிறார்களே, அந்த வெளி லேப்புக்கு நாம் காசு கொடுக்கிறோம். அங்கே நாம் முழு நுகர்வோர். எங்கள் அத்தை நுகர்வோர்தான். ரசீது வாங்கியிருந்தால்.

நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் கட்டாயம் இல்லை. புதுச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், லேப் மதுரையில் இருந்தாலும் விருதுநகரில் போடலாம். கொடுத்த கட்டணம் ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. நூற்றைம்பது ரூபாய் டெஸ்டுக்கு எவன் ஐந்து லட்சம் கேட்கப் போகிறான்? கெடு இரண்டு வருஷம். அதை மறக்காதீர்கள். நம்ம ஜனங்கள் சாமிக்கு நேர்ந்துகொண்டு, பஞ்சாயத்துப் பேசி, மனசு ஆறி வருவதற்குள் கெடு முடிந்துவிடுகிறது.

முழுக்க இலவசமான அரசு ஆஸ்பத்திரி என்றால் நாம் நுகர்வோராகப் போக வேண்டாம். குடிமகனாகப் போவோம். எனக்கு இதுதான் பெரிய வழி. 1992-இல் மேற்கு வங்கத்தில் ஒரு விவசாயக் கூலி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அரசு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார், படுக்கை இல்லை, வசதி இல்லை என்று விரட்டினார்கள். கடைசியில் தனியாரில் காசு கட்டிப் பிழைத்தார். அவருடைய விவசாயக் கூலிகள் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996-இல் தீர்ப்பு வந்தது. அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிற உயிர் வாழும் உரிமையில் அரசு ஆஸ்பத்திரியின் சிகிச்சையும் அடங்கும், பணம் இல்லை என்று அரசு தப்பிக்க முடியாது என்றார்கள். 25,000 ரூபாய் இழப்பீடு. தொகை சின்னது. ஆனால் அதை வாங்கிக் கொடுத்தது ஒரு கூலிகள் சங்கம். இதை மாணவத் தோழர்கள் குறித்துக்கொள்ளணும். சாத்தூர் பெண்ணுக்கும் உயர் நீதிமன்றத்தில்தான் கிடைத்தது, நுகர்வோர் மன்றத்தில் இல்லை.

ஹரியானாவில் இன்னொரு கூலிப் பெண், தீர்ப்பு 2000-இல். அரசு ஆஸ்பத்திரியில் கருத்தடை ஆபரேஷன் செய்தார்கள், ஒரு பக்கக் குழாயை மட்டும் கட்டிவிட்டு முடிந்தது என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டார். டாக்டர் செய்த தவறுக்கு அரசுதான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் வரை நின்றது. ஆக சிவில் வழக்கும் உண்டு. மனித உரிமை ஆணையம் உண்டு, ஒரு வருஷத்துக்குள் போகணும்.

பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்கணும். 1987-ஆம் வருஷச் சட்ட உதவிச் சட்டம் 12-ஆம் பிரிவு. ஒவ்வொரு மாவட்டக் கோர்ட் வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போய் நின்றால் சாதிச் சான்றிதழ் கேட்பார்கள். வாழ்க்கையில் அந்தக் காகிதம் உதவுகிற இடங்களில் இதுவும் ஒன்று.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் போடலாமா என்று காலையில் ஒரு தம்பி கேட்டார். ரிப்போர்ட் மாறியதற்கு அது பொருந்தாது. எல்லாவற்றுக்கும் அதைத் தூக்கினால் நிஜமான வழக்கிலும் அதன் கூர்மை போய்விடும். ஆனால் சாதியைச் சொல்லி ஆஸ்பத்திரிக்குள் வரவிடாமல் தடுத்தால், 2015 திருத்தப்படி அது குற்றம். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகணும்.

தவறு எல்லாமே அலட்சியம் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் சாதிக்காரன், அதாவது டெக்னீசியன் சாதி, என்னை அடிப்பான். எச்.ஐ.வி. ஒருவர் உடம்புக்குள் போன முதல் சில வாரங்கள் எலிசா டெஸ்டில் தெரியாது. அந்த இடைவெளியில் எடுத்த ரத்தம் நெகட்டிவ் என்று வந்தால் டெக்னீசியன் மேல் குற்றம் இல்லை, டெஸ்டின் எல்லை அது. அதே மாதிரி ஒரே ஒரு டெஸ்டில் பாசிட்டிவ் வந்தால் எச்.ஐ.வி. என்று முடிவு கட்டவும் கூடாது. மூன்று வேறுவேறு முறையில் பார்த்துத்தான் சொல்லணும். அப்படிப் பார்க்காமல் ஒரே டெஸ்டை வைத்து ஒரு பெண்ணிடம் சொல்லி, அவள் குடும்பமே சிதைந்தால் அது அலட்சியம். சாதாரணத் திறமை உள்ள ஒரு டெக்னீசியன் எடுத்திருக்கக் கூடிய கவனத்தை எடுத்தாரா என்பதுதான் கோர்ட் கேட்கும். கவனம் இல்லை, அதனால் சேதம் வந்தது. இந்த இரண்டையும் நாம் காட்டணும்.

இதற்கு நிபுணர் சாட்சி வேண்டும் என்பார்கள். எந்த டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எதிராகச் சாட்சி சொல்லுவார்? ஹைதராபாத்தில் ஒரு வழக்கு. 2002-இல் ஒருவர் காய்ச்சல் கண்ட மனைவியைத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அவர் வேலை பார்த்ததே அரசின் மலேரியாத் துறையில். மனைவிக்கு மலேரியா. ஆஸ்பத்திரியில் டைபாய்டுக்கு வைத்தியம் பார்த்தார்கள். விடால் டெஸ்டே டைபாய்டு இல்லை என்று காட்டியிருந்தது. அந்தம்மா இறந்துவிட்டார். மாவட்ட மன்றம் இரண்டு லட்சம் கொடுக்கச் சொன்னது, மாநில ஆணையம் நிபுணர் சாட்சி இல்லை என்று தள்ளுபடி செய்தது. 2010-இல் உச்ச நீதிமன்றம் மாவட்ட மன்றத் தீர்ப்பைத் திரும்ப நிலைநிறுத்தியது. எல்லா வழக்கிலும் நிபுணர் தேவையில்லை, தவறு வெளிப்படையாகத் தெரிந்தால் சம்பவமே சாட்சி என்றது. சம்பவத்தைச் சாட்சியாக்கியது எது? ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகள்தான்.

போலீஸ் கேஸ் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், டாக்டர்மேல் கிரிமினல் வழக்கு என்றால் சாதாரண அலட்சியம் போதாது, பெருத்த அலட்சியம் வேண்டும், போலீஸ் முதலில் வேறு டாக்டரின் கருத்தைக் கேட்கணும் என்று சொல்லிவிட்டார்கள். பழைய 304-ஏ இப்போது, 2024 ஜூலையிலிருந்து, பாரதிய நியாய சன்ஹிதாவில் 106-ஆம் பிரிவு. ஸ்டேஷனில் கத்துவதால் நமக்குக் கிடைப்பது கொஞ்ச நேர ஆறுதல். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் ரிஜிஸ்டர் திருத்தப்பட்டுக்கொண்டிருக்கும். முதலில் காகிதத்தைப் பிடியுங்கள்.

காகிதம் நம்முடையது. மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிப்படி நோயாளியோ அவர் சார்பிலோ எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்கணும். மூன்று வருஷம் வைத்திருக்கணும். அரசு ஆஸ்பத்திரி என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, 30 நாள் கெடு, பத்து ரூபாய். ரிப்போர்ட்டை மட்டும் கேட்காதீர்கள். எங்கள் லேப்பில் ரிப்போர்ட் என்பது வெளியே போகிற சட்டை. உள்ளே வேறு நோட்டுகள் இருக்கும். மாதிரி வந்த நேரம் எழுதுகிற ரிஜிஸ்டர். மெஷினிலிருந்து நேரடியாக அச்சாகி வந்த தாள். அன்றைக்குக் கன்ட்ரோல் ஓட்டிப் பார்த்தார்களா என்ற பதிவு. கன்ட்ரோல் என்பது முன்பே விடை தெரிந்த ஒரு மாதிரி, அதைக் காலையில் ஓட்டித்தான் மெஷினை நம்பணும். அந்தப் பதிவைக் கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் முகம் மாறும். அத்தையின் லேப்பில் மெஷின் தாள் 0.92 என்றுதான் சொல்லியிருக்கும், டைப் அடிக்கும்போது 9.2 ஆனது. அந்தத் தாளையும் தப்பான ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் நிபுணரே தேவைப்பட்டிருக்காது.

தமிழ்நாட்டில் தனியார் லேப், ஆஸ்பத்திரிகளைப் பதிவு செய்து கண்காணிக்க 1997-இல் சட்டம் போட்டார்கள். அதற்கு விதிகள் வந்தது 2018-இல். இருபத்தோரு வருஷம் சட்டம் அலமாரியில் தூங்கியது. இப்போது பதிவு கட்டாயம். உங்கள் ஊர் லேப் பதிவு செய்திருக்கிறதா என்று மாவட்டச் சுகாதாரத் துறை இணை இயக்குநரிடம் கேட்கலாம். எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? மேடையில் உடல் அரசியல் பேசுகிறோம். அந்த உடலிலிருந்து எடுத்த ஐந்து மில்லி ரத்தம் எங்கே போனது என்று கேட்பதில்லை.

அத்தைக்கு இதெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே வெற்றிலை மடித்தாள். 'அந்தச் சீட்டைக் குடுத்துட்டு வந்தது எம்புருசன் தப்பா, படிச்ச நீ முன்னமே சொல்லாதது தப்பா?' என்று கேட்டாள். அதற்கு அப்புறம்தான் தெருவில் ஞாயிற்றுக்கிழமை உட்கார ஆரம்பித்தேன். யார் ரிப்போர்ட் கொண்டுவந்தாலும் படித்துச் சொல்வது, செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வது, ரசீது இல்லாவிட்டால் திரும்ப அனுப்பி வாங்கி வரச் சொல்வது. சந்தேகமான எண் வந்தால் ஆட்டை விற்பதற்கு முன்னால் இன்னொரு லேப்பில் புதிதாக ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்வது. திருத்தித் தருகிறேன் என்று எவன் கேட்டாலும் அசலைக் கொடுக்காதே, நகலைக் கொடு என்று சொல்வது. கையை நீட்டுவதற்கு முன்னால் தன் பேரைத் தானே சத்தமாகச் சொல்லி, குழாயில் அதை எழுதுகிறார்களா என்று பார்க்கச் சொல்வதும்தான். போன மாசம் ஒரு பாட்டி அப்படிச் சொன்னதற்கு 'பெரிய கலெக்டரு'ன்னு நக்கலடித்தார்களாம். பாட்டி கையை மடக்கிக்கொண்டு, எழுதின பிறகுதான் நீட்டியிருக்கிறது.

72 மணி நேர ஆவணக் கோரிக்கைக்கு ஒரு மாதிரி, தகவல் உரிமை மனுவுக்கு ஒரு மாதிரி, இரண்டும் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். பின்னால் மேஜையில் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ஜெராக்ஸ் எடுக்க வேண்டாம், கையால் பார்த்து எழுதுங்கள். ஒருமுறை எழுதினால்தான் ஊரில் போய் அடுத்தவருக்கு எழுதிக் கொடுக்க வரும். சாப்பாட்டுக்கு அப்புறம் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன், யாரிடமாவது பழைய ரிப்போர்ட் இருந்தால் எடுத்துக்கொண்டு வாங்க.